யோசேவாஸ் அண்ணனின் இரண்டாவது படம்

“தலையை நேராக வையுங்கோ அண்ணன்” என்றேன்.

மேசையில் மல்லாந்து கிடந்தவர் தலையை அசைக்கவில்லை. கண்களை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

“இதுதான் பிள்ளை என்ர நேர்.”

எம்.ஆர்.ஐ. அறை எப்போதும் குளிர்ந்தே கிடக்கும். இயந்திரம் சும்மா இருக்கும்போதும் அதற்குள் ஏதோ ஒன்று டுக், டுக் என்று அடித்துக்கொண்டிருக்கும். தூரத்து வயலில் தண்ணீர் இறைக்கும் மெசின் சத்தம்போல எனக்குக் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே குனிந்து அவருடைய கழுத்தைப் பார்த்தேன். இடது காதுக்குக் கீழிருந்து தோள்வரைக்கும் முறுக்கிய கயிறுபோல ஒரு தழும்பு ஓடியது. போர்க்காலத்தில் பாய்ந்த செல் துண்டின் தழும்பு. துண்டை எடுத்துவிட்டார்கள். ஆனால் தசை சுருங்கி, தலை இடது தோளைப் பார்த்துச் சாய்ந்தபடியே நின்றுவிட்டது.

நேராக்க வேண்டுமென்றால் கழுத்தை முறிக்க வேண்டும். நான் பஞ்சுத் துண்டுகளை எடுத்து வலப்பக்க இடைவெளியில் அடைத்தேன். அவர் கிடந்தபடியே அவரை உள்ளே அனுப்பினேன்.

நான் உயிலங்குளத்து வயற்காரர் வீட்டுப் பெண் என்பதும், மன்னாருக்கு வெளியே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரேடியோகிராபராக இருந்தேன் என்பதும் இந்தப் பக்கங்களைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் முதன்முறை வருகிறவர்களுக்கும் அவ்வளவு தெரிந்தால் போதும். இதுவரை எழுதியவற்றில் என் கெட்டித்தனங்களே அதிகம் இருந்தன. இது ஒரு பிழையைப் பற்றியது.

ஒரு கேள்வி, ஒரு குளிசை

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் இந்த இயந்திரத்துக்குள் போகிறவர்களிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேட்போம். உடம்பில் செல் துண்டோ துப்பாக்கிச் சன்னமோ கிடக்கிறதா?

இயந்திரம் என்பது ஒரு பெரிய காந்தம். உள்ளே இரும்பு இருந்தால் அது அசையும். ஆகவே கேட்டே ஆகவேண்டும். இல்லை என்று உடனே சொல்கிறவர்கள் குறைவு. பலர் கொஞ்சம் யோசிப்பார்கள். ஒருமுறை நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி சந்தையில் சாமான் பட்டியல் சொல்வதுபோலத் தோளில் ஒன்று, இடுப்பில் இரண்டு, தொடையில் எத்தனையென்று தெரியாது என்று சொல்லிக்கொண்டு போனாள். நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

யோசேவாஸ் அண்ணனின் கழுத்தை முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. கழுத்தில் கிடந்த மாதா பதக்கத்தைக் கழற்றி மனைவி றீற்றா அக்காவிடம் கொடுத்தேன். படம் எடுத்து முடியும்வரை அவர் அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றார்.

இன்னொன்றும் செய்தேன். விழுங்குகிற மீனெண்ணெய்க் குளிசை ஒன்றை அண்ணனுடைய வலது நெற்றிப்பொட்டில் வைத்துப் பிளாஸ்டர் ஒட்டினேன். மூளைப் படத்தில் வலமும் இடமும் ஒன்றுபோலவே தெரியும். கணினியில் திருப்பும்போது இரண்டும் மாறிவிட்டால் பெரிய அநியாயம் நடந்துவிடும். மீனெண்ணெய் படத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று விழும். குளிசை தெரிகிற பக்கம் வலம். அதற்கு மேல் அந்தக் குளிசையால் ஒரு பயன் இருக்குமென்று அன்று நான் நினைக்கவில்லை.

தாழ்வுபாட்டுக்காரர்

அவர் மன்னார்த் தீவில் தாழ்வுபாட்டைச் சேர்ந்தவர். கடற்தொழில். இளவயதில் சில வருடங்கள் சிலாபம் பக்கம் போய்ச் சிங்களச் சம்மாட்டி ஒருவரின் வள்ளத்தில் வேலை செய்திருக்கிறார். அங்கே பழகிய சிங்களம் ஊருக்குத் திரும்பிய பின் எல்லாருக்கும் உதவியது. நேவிக்காரர் மறித்து ஏதாவது கேட்டாலும், கந்தோரில் இருந்து அதிகாரி வந்தாலும், கடலுக்குப் போக யாருக்காவது கொடுத்த பாஸில் பெயர் பிழைத்தாலும் யோசேவாஸ் அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். அவர் சாய்ந்த தலையோடு இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று, இங்கே சொன்னதை அங்கேயும் அங்கே சொன்னதை இங்கேயும் சொல்வார். இதெல்லாம் றீற்றா அக்கா வரிசையில் காத்திருந்தபோது எனக்குச் சொன்னவை.

அவரை எங்களிடம் கொண்டுவந்தது ஒரு வலிப்பு. விடியப்புறம் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது வலது கை விறைத்து, வாய் கோணி, வள்ளத்துக்குள் விழுந்துவிட்டார். கூடப் போன மைத்துனர் தூக்கிவந்தார்.

படத்தில் இடப்பக்க மூளையில் ஒரு கட்டி தெரிந்தது. மெல்ல வளர்கிற வகை. அது இருந்த இடம்தான் சங்கடம். பேச்சு பிறக்கிற பகுதிக்குப் பக்கத்தில் இருந்தது. வெட்டி எடுத்தால் பேச்சுப் போகலாம். வெட்டாமல் விட்டால் வளரலாம். சத்திரசிகிச்சை டொக்டர் யோசித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து இன்னொரு படம் எடுப்போம் என்றார். வளர்ந்திருந்தால் வெட்டுவது. வளராவிட்டால் மருந்தோடு விடுவது.

ஆகவே எல்லாம் இரண்டாவது படத்தில் தங்கியிருந்தது.

சரித்து வெட்டிய அறக்குளா

ஆறு மாதம் கழித்து வந்தபோது அவருடைய கழுத்து முன்னரைவிட இறுகியிருந்தது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிற காலத்தில் அப்படித்தான் இறுகும் என்றார். தலை இன்னும் சாய்ந்து, கொஞ்சம் முன்னுக்கும் குனிந்திருந்தது. எப்படி வைத்தாலும் தாடைப் பக்கத்தில் ஒரு பகுதி படத்தின் எல்லைக்கு வெளியே போய்விட்டது. நோவில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்து நான் மேலும் அரியண்டம் கொடுக்கவில்லை. அதே பெட்டிக் குளிசையில் ஒன்றை வலது நெற்றிப்பொட்டில் ஒட்டிப் படத்தை எடுத்தேன்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றும் விளங்காது. காரணம் எளிது. ஓர் அறக்குளா மீனை நேராக வெட்டினால் துண்டு ஒரு வட்டம். அதே மீனைச் சரித்து வெட்டினால் துண்டு நீளும். மீன் பெரிதாகவில்லை; கத்திதான் சாய்ந்தது. எங்கள் இயந்திரமும் தலையைத் துண்டு துண்டாக வெட்டித்தான் காட்டுகிறது. ஒருமுறை ஒரு சாய்விலும் மறுமுறை வேறு சாய்விலும் வெட்டினால், கட்டி ஒரு துண்டில் பெரிதாகவும் இன்னொன்றில் சிறிதாகவும் தெரியும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. எடுத்து முடிந்த படத்தைக் கணினிக்குள் நிமிர்த்தலாம். மூளையின் நடுவில் முன்னால் ஒரு சிறு நரம்புப் பாலமும் சற்றுப் பின்னால் இன்னொன்றும் இருக்கின்றன. எல்லாருக்கும் இருக்கின்றன. அந்த இரண்டையும் சேர்க்கும் கோட்டைக் கிடையாக வைத்து, இரண்டு பாதிகளுக்கும் நடுவிலுள்ள பிளவை நிமிர்த்தினால் எந்தச் சாய்ந்த தலையும் ஒரு பொது நிலைக்கு வந்துவிடும். இதை நான் வேலைக்குப் பிறகு ஒரு படிப்பில் சேர்ந்து கற்றேன். எங்கள் எம்.ஆர்.ஐ. பகுதியில் இதைச் செய்யத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அப்படி நிமிர்த்துவதற்கு ஒரு மாதிரித் தலை கணினியில் இருக்கும். பிறநாட்டவர் பலரின் மூளைப் படங்களைச் சேர்த்துச் சராசரியாக்கிச் செய்தது. அப்படி ஒரு மனிதர் உலகத்தில் எங்கேயும் இல்லை. எங்கள் ஆட்களின் தலைகள் அதோடு சரியாகப் பொருந்துவதுமில்லை.

நிமிர்த்துவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, படத்தை மேலே கீழே, இடம் வலம், முன் பின் நகர்த்தலாம். அந்த மூன்று திசையிலும் சுழற்றலாம். மொத்தம் ஆறு அசைவு. ஒரு கல்லை எடுத்துத் திருப்பி வைப்பதுபோல. கல் அதே கல்தான். மற்றது, இவற்றோடு இழுக்கவும் நெருக்கவும் சரிக்கவும் கணினிக்கு அனுமதி கொடுப்பது. அப்போது மாதிரித் தலையோடு படம் வடிவாகப் பொருந்தும். பலருடைய மூளைகளைச் சேர்த்து ஆராய்கிறவர்களுக்கு அது தேவை. ஒருவருடைய கட்டி வளர்ந்ததா என்று அளக்கப் போகிறவர் அதைத் தொடக்கூடாது.

இது எனக்குத் தெரியும். படிப்பில் எழுதிச் சித்தியடைந்திருக்கிறேன்.

அன்று முதலில் ஆறு அசைவில்தான் பொருத்தினேன். அவருடைய தலை மாதிரியைவிட நீளமானது. ஓரங்களில் இடைவெளி தெரிந்தது. திரையில் பார்க்க அரைகுறை வேலைபோல இருந்தது. டொக்டருக்குக் காட்டப்போகும் படம் சுத்தமாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். மற்ற விதத்தைத் தெரிவுசெய்தேன். இரண்டு படங்களும் மாதிரித் தலைக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தன. ஓரத்துக்கு ஓரம் ஒத்துவந்தது.

கட்டியை அளந்தேன். இரண்டிலும் ஒரே அளவு.

நல்ல செய்தி

டொக்டர் என் படங்களைத் திரையில் மாறிமாறிப் போட்டுப் பார்த்தார். மாற்றமில்லை என்று குறிப்பெழுதினார். மருந்தைத் தொடரட்டும், இன்னும் ஆறு மாதம் பார்ப்போம் என்றார்.

முடிவை நோயாளருக்குச் சொல்வது ரேடியோகிராபரின் வேலை அல்ல. டொக்டர் சொல்லவேண்டும். ஆனால் அண்ணனும் அக்காவும் வெளியே நீண்ட வாங்கிலில் காத்துக்கொண்டிருந்தார்கள். மன்னார்ப் பேச்சை அந்த ஆஸ்பத்திரியில் கேட்பதே எனக்குக் குறைவு. நான் நேரே போய், வளரவில்லை, பயப்படவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

றீற்றா அக்கா எழும்பி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பத்து நாள் கழித்து, அவர் யாரிடமோ கொடுத்துவிட்ட ஒரு பை கருவாடு எனக்கு வந்து சேர்ந்தது.

சப்பையான குளிசை

ஏழெட்டுக் கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், போன பிறகு, புதிதாக வேலைக்கு வந்த இருவருக்குப் படம் நிமிர்த்துவது எப்படி என்று காட்டவேண்டியிருந்தது. சாய்ந்த தலைக்கு நல்ல உதாரணம் என்று யோசேவாஸ் அண்ணனின் இரண்டு படங்களையும் திறந்தேன். வலம் இடம் மாறாமல் இருக்கக் குளிசையைப் பாருங்கோ என்று விரலால் காட்டினேன்.

காட்டிய விரலை எடுக்க முடியவில்லை.

முதல் படத்தில் குளிசை கச்சான் கடலைப் பருப்புப்போல உருண்டையாக இருந்தது. இரண்டாவதில் சப்பையாகவும் குறுகியும் இருந்தது. இரண்டும் ஒரே பெட்டிக் குளிசை. ஒரே அளவு, ஒரே வடிவம். குளிசை சுருங்காது. சுருங்கியது படம்.

அந்த இருவரிடமும் மிச்சத்தை நாளை பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கணினி எழுதிவைத்திருந்த கணக்குகளைத் திறந்தேன். இரண்டாவது படத்தில் தாடைப் பக்கம் வெளியே போயிருந்ததல்லவா? மிச்சத் தலையை மாதிரிக்குள் அடக்கக் கணினி அதை அமத்தியிருக்கிறது. தலையோடு சேர்த்துக் கட்டியையும் அமத்தியிருக்கிறது. முதல் படத்தையும் அது இழுத்திருந்தது, ஆனால் வேறு அளவில்.

எடுத்தபடி இருந்த மூலப் படங்களுக்குத் திரும்பினேன். நல்ல வேளை, அவற்றை அழிப்பதில்லை என்பது எங்கள் பழக்கம். இந்த முறை ஆறு அசைவு மட்டும். ஓரங்களில் இடைவெளி வந்தது, விட்டுவிட்டேன். குளிசைகளை அளந்தேன். இரண்டும் ஒத்துவந்தன. பிறகு கட்டியை அளந்தேன்.

வளர்ந்திருந்தது. அளவுகோல் இல்லாமலே கண்ணுக்குத் தெரிந்தது.

மூன்றுதரம் திரும்பச் செய்தேன். மூன்றுதரமும் அதேதான்.

அன்று மாலை முழுவதும் எனக்குள் ஓடிய யோசனையை மறைத்துவிட்டு இதை எழுதுவதில் அர்த்தமில்லை. அடுத்த படத்துக்கு இன்னும் நாலு மாதம்தான் இருந்தது. அதில் எப்படியும் கட்டி பெரிதாகத் தெரியும். இந்த ஆறு மாதத்துக்குள் வளர்ந்தது என்று எல்லாரும் நினைப்பார்கள். ஒருவரும் என்னைக் கேட்கமாட்டார்கள். மெல்ல வளர்கிற கட்டிதானே, நாலு மாதத்தில் என்ன ஆகிவிடும் என்றும் எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு, அந்த வாங்கிலில் என் கையைப் பிடித்திருந்த இரண்டு கைகள் ஞாபகம் வந்தன.

அடுத்தநாள் காலை டொக்டரின் அறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புதிய படங்களை நெடுநேரம் பார்த்தார்.

“எப்ப கண்டுபிடிச்சனீங்கள்?”

“நேற்று, சேர்.”

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “நானும் பாத்துத்தானே கையெழுத்து வைச்சனான்” என்றார். அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர்களை உடனே கூப்பிடவேண்டும் என்றார். நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். அது உங்களுடைய வேலை அல்ல என்று அவர் மறுத்தார்.

“நல்லது சொல்லேக்க என்ர வேலையைத் தாண்டித்தான் சேர் சொன்னனான். இதையும் நான்தான் சொல்லவேணும்.”

புதிய படத்துக்குத் திங்கட்கிழமை வரச்சொல்லி ஒரு துண்டில் எழுதித் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை

உயிலங்குளத்தில் வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஞாயிறு காலை மன்னார் பஸ் எடுத்தேன். தீவுக்குப் போகிற பாலத்தில் காற்று பஸ்ஸை ஒரு பக்கமாகத் தள்ளியது. தாழ்வுபாட்டில் இறங்கியபோது பூசை முடிந்து ஆட்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். யோசேவாஸ் அண்ணன் இன்னும் பூசை உடுப்பு மாற்றவில்லை. வெள்ளைச் சேட்டின் கழுத்துப்பட்டி இடப்பக்கம் மடிந்து நசிந்திருந்தது.

என்னைக் கண்டதும் றீற்றா அக்கா ஓடிவந்து கதிரை போட்டார். மீன்குழம்பு அடுப்பில் இருந்தது. சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் தொடங்கிவிட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் என்னால் சொல்ல முடியாமல் போயிருக்கும்.

கட்டி வளர்ந்திருக்கிறது என்றும், நான் அன்று சொன்னது பிழை என்றும் சொன்னேன்.

யோசேவாஸ் அண்ணன்தான் முதலில் கேட்டார். “மெசின் பிழைச்சிட்டுதோ?”

“இல்லை அண்ணன். மெசின் சரியாத்தான் எடுத்தது. நிமித்தேக்க நான் செய்த பிழை. வளர்ந்ததை என்ர படம் மறைச்சுப்போட்டுது.”

றீற்றா அக்கா குரலை உயர்த்தாமல், போன மாதம் கடலில் அவருக்கு இன்னொரு வலிப்பு வந்ததைச் சொன்னார். அன்று வள்ளத்தில் இருந்து தண்ணீருக்குள் விழுந்திருக்கிறார். மைத்துனர் குதித்துத் தலைமயிரைப் பிடித்து இழுத்திருக்கிறார். வலிப்புக் குளிசை இரண்டு நாள் தவறியதால் வந்தது என்று நினைத்தார்களாம். கட்டிதான் வளரவில்லையே என்று ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை.

“நீங்கள் சொன்னபடியால்தான் நான் இவரைக் கடலுக்கு விட்டனான்” என்றார்.

அவர் உள்ளே போனார். அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிற மணம் வந்தது. அவர் அதை இறக்கவில்லை.

யோசேவாஸ் அண்ணன் டொக்டர் எழுதிய துண்டை வாங்கி வாசித்தார். மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். “வெட்டினா என்ர கதை போகுமோ பிள்ளை?” என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் கதை என்றால் பேச்சு.

“எனக்குத் தெரியாது அண்ணன். டொக்டரிட்டைக் கேளுங்கோ. தெரியாததை நான் இனிச் சொல்லமாட்டன்.”

அவர் என்னோடு பஸ் நிற்கிற இடம்வரை நடந்து வந்தார். வழியில் இரண்டு நேவிப் பெடியன்கள் அவரைக் கண்டு ஏதோ கேட்டார்கள். அவர் சிங்களத்தில் பதில் சொன்னார். மூவரும் சிரித்தார்கள். நான் விளங்காமல் நின்றேன். நாளைக்குக் காற்றுக் குறையுமா என்று கேட்கிறார்கள் என்று எனக்குத் திருப்பிச் சொன்னார். அந்த ஒரு நிமிடத்தில், அவருடைய தலைக்குள் எந்த இடத்தில் கத்தி போகப்போகிறது என்பது எனக்கு முதன்முறையாக உறைத்தது. அதுவரை அது எனக்குத் திரையில் ஒரு வெள்ளைப் பொட்டு.

தண்ணீர்

திங்கட்கிழமைப் படமும் அதையே சொன்னது. எங்கே திறப்பது, எவ்வளவு தூரம் போவது என்று திட்டம் போடுவதற்கு டொக்டர் என்னிடமே படத்தை நிமிர்த்தித் தரச்சொன்னார். நான் ஒரேயொரு தடவை, மூலப் படத்திலிருந்து, ஆறு அசைவில் நிமிர்த்தினேன். ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் கணினி படத்தைப் புதிதாக வரைகிறது. ஒவ்வொரு வரைதலிலும் கொஞ்சம் மங்கும். ஆகவே ஒருமுறைதான். பிறகு குளிசையை அளந்தேன். இன்னொருவரைக் கூப்பிட்டு அவரையும் அளக்கச் சொன்னேன்.

கட்டியில் பெரும்பகுதியை எடுத்தார்கள். பேச்சுக்குப் பக்கத்தில் இருந்த கொஞ்சத்தை விட்டார்கள்.

இரண்டு நாள் அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் வார்டுக்குப் போனபோது வாய் அசைந்துகொண்டிருந்தது. றீற்றா அக்கா குனிந்து காதைக் கொடுத்தார். அவர் திரும்பத் திரும்ப ஒரு சொல்லைச் சொன்னார்.

“வத்துர.”

தென்பகுதியில் இருந்து மாற்றலாகி வந்த தாதி ஒருத்தி பக்கத்தில் நின்றாள். உடனே தண்ணீர்க் குவளையை எடுத்து வந்தாள். சிங்களத்தில் தண்ணீர் கேட்டிருக்கிறார். குடித்துவிட்டு இன்னும் ஏதோ சொன்னார். எல்லாம் சிங்களம். அவருக்குத் தமிழ் விளங்கியது. கையைத் தூக்கு என்றால் தூக்கினார். ஆனால் வாயில் தமிழ் வரவில்லை. இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு ஒன்று முந்தி, ஒன்று பிந்தி வருவதுண்டு என்று டொக்டர் விளக்கினார். எது முந்தும் என்று யாராலும் சொல்ல முடியாதாம்.

முப்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்த மனிதர் தன்னைப் பார்த்து என்ன சொல்கிறார் என்று தெரியாமல் றீற்றா அக்கா தாதியின் முகத்தைப் பார்த்தார்.

“அம்மா சாப்பிட்டதா கேக்குறது” என்றாள் தாதி.

“சாப்பிட்டிட்டன் எண்டு சொல்லுங்கோ அவருக்கு.”

“அவருக்குத் தமிழ் விளங்குது அம்மா. நீங்களே சொல்லுங்க.”

றீற்றா அக்கா கணவரின் பக்கம் திரும்பினார். ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினார். அக்கா காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் கட்டில் திரைச்சீலை ஓரமாகவே திரும்பி வந்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு றீற்றா அக்கா என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசினார். பிள்ளை என்று கூப்பிட்டவர் மிஸ் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்.

இரண்டாம் கிழமை தமிழ் வந்தது. அந்தத் தாதிதான் வந்து சொன்னாள். முதலில் வந்த வார்த்தை ஜன்னலைச் சாத்தச் சொன்னதாம். வெயில் கண்ணில் குத்தியிருக்கிறது. அதைக் கேட்டு நான் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

மூன்றாவது படம்

அவருக்குப் பேச்சு முழுதாக வரவில்லை. பொருட்களின் பெயர்கள் தப்பிப்போயின. கையில் பிடித்த மீனின் பெயர் அவருக்கு வராது. அதைக் காட்டி மற்றவர் சொல்லும்வரை காத்திருப்பார். கதை வேகமாகப் போனால் பின்தங்கிவிடுவார். நேவிக்காரருக்கும் ஊருக்கும் நடுவில் நிற்கிற வேலையை விட்டுவிட்டார். கடலுக்கும் போவதில்லை. கரையில் இருந்து கிழிந்த வலைகளைப் பொத்துகிறார். வலிப்பு பிறகு வரவில்லை.

முன்னரே வெட்டியிருந்தால் இவ்வளவும் போயிருக்காதா என்று டொக்டரிடம் ஒருநாள் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அது உண்மையான பதில் என்று நம்புகிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

எங்கள் பகுதியில் அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வந்தது. ஒரே ஆளின் இரண்டு படங்களை ஒப்பிடும்போது ஆறு அசைவுக்கு மேல் ஒன்றும் தொடுவதில்லை. குளிசையை இரண்டு பேர் அளந்து கையெழுத்து வைக்கவேண்டும். நான் கற்பித்தவர்கள் இதை ஏன் செய்கிறோம் என்று கேட்டால் இந்தக் கதையைச் சொல்வேன். பெயரை மாற்றிச் சொல்வேன், அண்ணன் அக்காவுடைய பெயரை மட்டும்; என்னுடையதை மாற்றமாட்டேன்.

ஒரு வருடம் கழித்து மூன்றாவது படத்துக்கு வந்தார்கள். நிமிர்த்தினேன், அளந்தேன், மற்றவரும் அளந்தார். விட்ட கொஞ்சம் விட்டபடியே இருந்தது.

வெளியே அதே வாங்கிலில் இருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் அவர்களைக் கடந்து டொக்டரின் அறைக்குப் படத்தைக் கொண்டுபோனேன். சொல்லாமல் கடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்று தெரிந்தது. முகத்தில் ஏதும் தெரிந்துவிடக்கூடாது என்று நிலத்தைப் பார்த்து நடந்தேன்.

டொக்டர் அவர்களைக் கூப்பிட்டார். நான் வெளியே போகத் திரும்பியபோது றீற்றா அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“நீங்கள் நில்லுங்கோ மிஸ்” என்றார்.

நின்றேன். யோசேவாஸ் அண்ணன் கதிரையில் இருந்தார். றீற்றா அக்கா உட்காரவில்லை. கதிரையின் சாய்வைப் பிடித்தபடி நின்றார். டொக்டர் படத்தைத் திரையில் காட்டி, பேனையால் தொட்டுத் தொட்டு, வளரவில்லை, இப்போதைக்குப் பயமில்லை என்று நிதானமாக விளக்கினார். விளக்கி முடியும்வரை றீற்றா அக்கா திரையையும் பார்க்கவில்லை, டொக்டரையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகுதான் அவர் இன்னொரு கதிரையை இழுத்துக் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.